தம்பிகள் போட்ட பாதை

உங்களில் சிலருக்கு இது காலை நேரம், சிலருக்கு நள்ளிரவு.

இலக்கிய அரங்கில் ஒரு ராணுவப் பிரிவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், அமைப்பாளர்களில் ஒருவர், “பரணியா பாடப் போகிறீர்கள்?” என்று கேட்டார். இல்லை. பரணியில் தலைவன் ஒருவன் இருப்பான், வென்ற யானைகளுக்குக் கணக்கு இருக்கும். நான் பேசப் போகிறவர்களின் கையில் பெரும்பாலும் மண்வெட்டியும் கடப்பாரையும்தான் இருந்தன. மதராஸ் சாப்பர்கள் என்று வரலாறு அவர்களைக் குறிப்பிடுகிறது. இன்று அந்தப் பிரிவின் பெயர் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். இந்திய ராணுவத்துக்குள் அவர்களுக்கு வழங்கும் செல்லப்பெயர் ‘தம்பி’.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30 அவர்களுடைய நிறுவன நாள். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கத்தில் அவர்களுடைய மையம் இருக்கிறது. அன்றைக்கு அங்கே அணிவகுப்பும் மலர்வளையமும் இருக்கும், ஓய்வு பெற்றவர்கள் ஒன்றுகூடுவார்கள். அந்தக் கொண்டாட்டத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என் கேள்வி வேறு. இவர்கள் செய்த போர்களில் பாதிக்கு மேல் நம்முடைய போர்களே அல்ல. அப்படியிருக்க, இவர்களை நாம் எப்படி நினைவுகூர்வது? எதை மதிப்பது, எதை மதிக்காமல் விடுவது?

முதலில் அந்தச் சொல். பிரெஞ்சு மொழியில் கோட்டை மதிலை நோக்கி மறைவாக வெட்டிக்கொண்டு போகும் பள்ளத்துக்கு ‘சாப்’ என்று பெயர். அதை வெட்டுகிறவன் சாப்பர். எதிரியின் பீரங்கிக்கு முன்னால் தலையைக் குனிந்து மண்ணை அள்ளுகிறவன். தாக்குகிற படை வருவதற்கு முன்னால் அவன் போயிருக்க வேண்டும், பின்வாங்கும்போது பாலத்தைத் தகர்த்துவிட்டுக் கடைசியில் வர வேண்டும். பாதை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது, படைக்குத் தண்ணீர் கிடைக்கச் செய்வது எல்லாம் அவன் வேலை.

இந்தப் பிரிவு பிறந்த ஆண்டு 1780. அந்த ஆண்டு ஜூலையில் ஹைதர் அலி மலைகளைக் கடந்து கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூரில் கர்னல் பெய்லியின் தலைமையிலிருந்த கம்பெனிப் படை நிர்மூலமானது. இந்திய மண்ணில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது. மதராஸ் கோட்டை நடுங்கியது. அதற்குச் சரியாக இருபது நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, ‘மதராஸ் பயனியர்கள்’ என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் தொடங்கப்பட்டன. ஆக, இந்தப் படையின் பிறந்த நாள் நம் ஊர் ஒன்றில் நடந்த தோல்வியின் இருபதாம் நாள். காஞ்சிபுரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அங்கேயே திரும்பி வருவோம்.

அடுத்த ஆண்டே சோளிங்கரில் போர். பிறகு 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம். மே 4 அன்று கோட்டையின் உடைப்பு வழியாகப் படை உள்ளே புகுந்து, திப்பு சுல்தான் வீழ்ந்தாரே, அந்த முற்றுகையில் பள்ளம் வெட்டியவர்களிலும் இவர்கள் இருந்தார்கள். 1831இல் பெயர் ‘மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்று மாறியது.

பிரிட்டிஷ் ராணுவ மரபில், ஒரு பிரிவு சிறப்பாகப் பங்கெடுத்த போரின் பெயரைத் தன் சின்னத்தோடு சேர்த்துக்கொள்ளும் உரிமை உண்டு. மதராஸ் சாப்பர்களின் பட்டியலை வாசித்தால் ஓர் உலகப் படமே விரியும். அஸ்ஸாயே, ஜாவா, பர்மாவின் ஆவா, லக்னோ, மத்திய இந்தியா, சீனாவின் தாக்கு கோட்டைகள், பீக்கிங், அபிசீனியா, ஆப்கானிஸ்தான், எகிப்தின் தெல் எல் கெபிர், சூடானின் தோஃப்ரெக். நம்மில் பலரும் நம்மையே புலம்பெயர்ந்த முதல் தலைமுறை என்று நினைத்துக்கொள்கிறோம். 1811இல் ஜாவாவிலும் 1860இல் பீக்கிங்கிலும் 1868இல் எத்தியோப்பிய மலைகளிலும் தமிழ் பேசியபடி மண் வெட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பட்டியலைப் பெருமையோடு மட்டும் வாசிக்க முடியாது. ‘லக்னோ’ என்றால் 1857–58 கிளர்ச்சியை அடக்கிய போர். ‘தாக்கு கோட்டைகள்’ என்றால் அபினி வியாபாரத்துக்காகச் சீனாவின் கதவை உடைத்த போர். அந்தப் படையெடுப்பின் முடிவில்தான் பீக்கிங்கின் கோடை அரண்மனையைப் பிரிட்டிஷார் எரித்தார்கள். நம் ஊர்க்காரர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்காக அந்த வரலாறு நல்லதாகிவிடாது. அது மோசமான போர் என்பதற்காக, சம்பளத்துக்குப் போன ஒரு செங்கல்பட்டு இளைஞனை வரலாற்றிலிருந்து அழித்துவிடவும் முடியாது. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

போரில்லாத காலத்தில் இவர்கள் செய்த வேலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீலகிரிக்கு மலைப்பாதை வெட்டுவதில் பயனியர்களை ஈடுபடுத்தினார்கள். குன்னூர் வளைவுகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து போன எவரும் ‘இதை வெட்டியது யார்’ என்று கேட்டிருக்க மாட்டோம்.

சரி, யார் இதில் சேர்ந்தார்கள்? தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் என்று தெற்கின் எல்லா மொழிக்காரர்களும் இருந்தார்கள். பறையர் சமூகத்திலிருந்தும் கிறித்தவர்களிடமிருந்தும் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்தார்கள் என்பதுதான் முக்கியமான செய்தி. ஊருக்குள் நடக்கும் தெருவைக்கூட மறுத்த ஒரு சமூக அமைப்பிலிருந்து வந்தவர்கள், படையில் சீருடையும் சம்பளமும் ஓய்வூதியமும் பெற்றார்கள். ராணுவம் சாதியை ஒழித்துவிட்டது என்று சொல்லவில்லை. அதற்கும் அதன் கணக்குகள் இருந்தன. ஆனால் ஊரில் கிடைக்காத ஒரு நிமிர்வு அங்கே கிடைத்தது.

அந்தக் கதவும் ஒரு கட்டத்தில் சாத்தப்பட்டது. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஃபிரடெரிக் ராபர்ட்ஸ். தெற்கத்தியர்கள் போருக்கு லாயக்கற்றவர்கள், வடமேற்கில் இருக்கும் சில இனங்களே ‘போர்க்குடிகள்’ என்பது அவருடைய தீர்மானமான எண்ணம். பிற்பாடு அவரே இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். மதராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது வடக்கத்தியரைக் கொண்டு நிரப்பப்பட்டன. முதல் உலகப் போர் முடிந்த பத்தே ஆண்டுகளில் மதராஸ் காலாட்படை ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்ட பிறகுதான் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மறுபடியும் உருவானது.

இந்த இடைவெளி முழுவதும் கலைக்கப்படாமல் நின்றது சாப்பர் பிரிவு. இனக் கோட்பாடு என்ன சொன்னாலும், ஆற்றின் குறுக்கே பாலம் நிற்கிறதா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை அல்லவா? வேலைதான் அவர்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

ஒரு சின்ன உதாரணம். ‘சேவிங் பிரைவேட் ரையன்’ படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஒமாஹா கடற்கரையில் முள்கம்பி வேலியை உடைக்க அமெரிக்க வீரர்கள் நீளக் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி வேலிக்கு அடியில் தள்ளுவார்கள். அதற்குப் பெயர் ‘பெங்களூர் டார்பிடோ’. 1912இல் பெங்களூரில் மதராஸ் சாப்பர்களின் அதிகாரி கேப்டன் மக்ளின்டாக் வடிவமைத்தது. வெடிமருந்து நிரப்பிய குழாய்த் துண்டுகள். தூரத்திலிருந்து தள்ளலாம், தள்ளுகிறவன் வேலியருகே போய்ச் சாக வேண்டியதில்லை. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் அதைத் தள்ளிய அமெரிக்கச் சிப்பாய்க்கு, அந்தப் பெயரில் இருக்கும் ஊர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்குமோ என்னவோ.

இனி முதல் உலகப் போர். மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக். 1917 பிப்ரவரி 23 அன்று ஷம்ரான் வளைவில், கரைபுரண்டு ஓடிய டைகிரிஸ் ஆற்றைத் துருக்கியரின் துப்பாக்கிகளுக்கு எதிரே கடந்தது 14ஆம் இந்திய டிவிஷன். மதராஸ் சாப்பர் கம்பெனிகள் அந்த டிவிஷனில் இருந்தன. இரண்டு வாரம் கழித்து, மார்ச் 11 அன்று பாக்தாத் பிடிபட்டது.

அந்தப் போரில் இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களுக்காகப் பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கல்லில் பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர் இருந்தது. சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும், அதன்கீழ் இத்தனை பேர் என்று ஓர் எண்ணும். அவ்வளவுதான். ஒரே ஆற்றில், ஒரே படகில் போனவர்கள். ஒருவன் பெயராகவும் மற்றவன் எண்ணாகவும் கரையேறினார்கள்.

2021இல் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்திய, ஆப்பிரிக்க வீரர்கள் பல்லாயிரம் பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்க்கும் பணி அதன் பிறகு நடந்து வருகிறது. நூறு ஆண்டுகள் தாமதம். தம்பி என்ற சொல்லை இங்கே ஒரு நொடி யோசித்துப் பாருங்கள். அதில் வாஞ்சை இருக்கிறது. கூடவே, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய கடமையிலிருந்து தப்பித்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது.

பெயர் தெரிந்த ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர். பெயர் சுப்ரமணியன். சுபேதார் சுப்ரமணியன் என்று ஒற்றைப் பெயராகவே ஆவணங்களில் இருக்கிறார்.

1944 பிப்ரவரி. இத்தாலியில் மோன்டே காசினோ மலை. மேலே மடாலயம், கீழே நேசநாட்டுப் படைகள். அங்கே போரிட்ட 4ஆம் இந்திய டிவிஷனில் மதராஸ் சாப்பர்களின் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனி இருந்தது. பிப்ரவரி 24 அன்று, காசினோவுக்குத் தென்கிழக்கே மின்யானோ என்ற இடத்தில், சுப்ரமணியன் தலைமையில் சிலர் கண்ணிவெடி தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மானியர்கள் புதைத்த ‘எஸ்’ வகைக் கண்ணிவெடி மிதித்தவுடன் வெடித்துவிடாது. சுமார் நான்கு விநாடி கழித்து மண்ணுக்குள்ளிருந்து இடுப்பளவு உயரத்துக்குத் துள்ளி எழுந்து, நூற்றுக்கணக்கான இரும்புக் குண்டுகளை நாலாபுறமும் இறைக்கும். சுற்றி நிற்பவர்கள் யாரும் தப்ப முடியாது. அன்று அந்தக் குழுவில் ஒருவருடைய காலடியில் அப்படி ஒன்று உயிர்பெற்றது. நான்கு விநாடி என்பது பக்கத்துப் பள்ளத்தில் பாய்ந்து படுப்பதற்குப் போதுமான நேரம். இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள சாப்பருக்கு அது தெரியாமல் இருக்காது. சுப்ரமணியன் வெடியை நோக்கிப் போனார். அதன்மேல் தன் உடலைப் போட்டு மூடினார். அவர் இறந்தார், கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. நேருக்கு நேர் போரிடாத சூழலில் காட்டப்படும் துணிச்சலுக்கான பிரிட்டனின் மிக உயர்ந்த விருது அது. இந்தியர்களில் அதைப் பெற்றவர்கள் மிகச் சிலர்.

இதில் என்னை விடாமல் பிடித்திருப்பது விருது இல்லை. அந்த நான்கு விநாடியில் பேரரசு இல்லை, மன்னர் இல்லை, இத்தாலி யாருடையது என்ற கேள்வி இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். அவர் போன போர் யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்த முடிவு முழுக்க அவருடையது. புள்ளலூரில் தோற்ற பயத்தில் பிறந்த ஒரு படை, நூற்று அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அதே காஞ்சிபுரத்துப் பக்கத்து மனிதர் ஒருவர் வழியாக இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் பர்மாவில் வேறு ஒரு காட்சி. 1945இன் தொடக்கத்தில் 14ஆம் ராணுவம் ஐராவதி ஆற்றைக் கடந்து தெற்கே இறங்கியது. பர்மாப் போரில் பாதையும் பாலமும் போட்டவர்களில் மதராஸ் சாப்பர்களும் உண்டு. எதிர்க்கரையில் ஜப்பானியர்களோடு நின்றது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ் இளைஞர்கள் அதில் இருந்தார்கள். ஒரே ஆறு, இரண்டு கரையிலும் தமிழ். ஒருவன் சம்பளம் வாங்கி நாளைக்கு ஊர் திரும்பலாம் என்று நினைத்தவன். மற்றவன் பார்த்தறியாத ஒரு நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி எடுத்தவன். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்பவர்களில் இந்த இரண்டாமவனின் பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். யார் சரி என்று இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்பு எழுதுவது எளிது. எனக்கு அதில் விருப்பமில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை மாறுகிறது. 1948இல் காஷ்மீரில் ஸோஜி லா கணவாய் எதிரியின் கையில் இருந்தது. ஏறக்குறைய 11,500 அடி உயரம். கோவேறு கழுதை மட்டும் போகக்கூடிய தடம். மதராஸ் சாப்பர்களின் இரண்டு ஃபீல்டு கம்பெனிகள் பால்தாலிலிருந்து மேலே போகும் அந்தத் தடத்தை ஜீப் போகும் பாதையாக அகலப்படுத்தின. நவம்பர் 1 அன்று அதன்வழியே ஸ்டூவர்ட் டாங்கிகள் மேலேறின. அந்த உயரத்தில் டாங்கியை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கணவாய் திறந்தது, லடாக்குக்கான வழி கிடைத்தது. வெயிலூர்களிலிருந்து போனவர்கள் பனியை வெட்டிப் போட்ட பாதை அது. இது யாருடைய போர் என்ற கேள்வி அவர்களுக்கு இந்த முறை எழுந்திருக்காது.

ஆனால் அந்தக் கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. 1987இல் இந்திய அமைதிப்படை இலங்கையில் இறங்கியது. அந்தச் சீருடையிலும் தமிழ் பேசியவர்கள் இருந்தார்கள். இந்த அரங்கில் இருக்கும் ஈழத்து நண்பர்கள் சிலருக்கு அந்த மூன்று ஆண்டுகள் படிப்பறிவு அல்ல, வீட்டில் விழுந்த இழப்பு. அவர்கள் முன்னால் நின்று இந்திய ராணுவப் பிரிவு ஒன்றைப் போற்றிப் பேசும்போது எனக்குத் தயக்கம் இருக்கிறது. இருக்கவும் வேண்டும். ஒரு படையை நினைவுகூர்வது என்றால் அது நின்ற ஒவ்வொரு இடத்திலும் எதிரே யார் நின்றார்கள் என்பதையும் நினைப்பதுதான். அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது பாண்டு வாத்திய ஓசை மட்டும்.

ஆகவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு நான் கண்ட பதில் இது. போர்களைக் கொண்டாட வேண்டியதில்லை. பட்டியலில் இருக்கும் ஊர்ப் பெயர்கள் அரசுகளுக்குச் சொந்தம். வேலையை மதிக்கலாம். நின்ற பாலம், அகன்ற பாதை, பிறருக்காக அகற்றிய கண்ணிவெடி எல்லாம் செய்தவனுக்குச் சொந்தம். அதற்கும் மேலாக, பெயரைக் கண்டுபிடிக்கலாம்.

இது நம்மால் செய்யக்கூடிய காரியம். போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையோ படைப்பிரிவையோ கொடுத்துத் தேடலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்திய வீரர்கள் பலருக்குத் தந்தை பெயரும், மனைவி பெயரும், ஊரும் மாவட்டமும் அதில் பதிவாகியிருக்கின்றன. ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் அந்த ஊர்ப் பெயர்களைத் தமிழ் தெரிந்தவர்கள்தான் சரியாக வாசிக்க முடியும். நீங்கள் இத்தாலியிலோ அதன் அருகிலோ இருந்தால், சாங்ரோ, ரிமினி, ஃபோர்லி ஆகிய இடங்களில், எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. வெறுமனே போய் நின்று வாசித்துவிட்டு வாருங்கள். வாய்விட்டு, தமிழ் உச்சரிப்பில்.

ஊரில் இருக்கும் பெரியவர்களையும் கேளுங்கள். “பட்டாளத்துக்காரர் வீடு” என்று ஒரு வீட்டை எல்லா ஊரிலும் சொல்வார்கள். அந்தப் பட்டாளத்துக்காரர் எங்கே போனார், என்ன வேலை செய்தார், அவர் பெயர் என்ன என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அடுத்த செப்டம்பர் 30க்குள் உங்களில் பத்துப் பேர் பத்துப் பெயர்களோடு வந்தால், இந்த மேடையில் ஒரு மாலைப் பொழுது முழுக்க அதையே வாசிக்கலாம். அதைவிடச் சிறந்த அணிவகுப்பு எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கேள்விகளைக் கேட்கக் காத்திருக்கிறேன்.